கரண்ட் போனால் உங்கள் வீட்டு மூச்சு மெஷின் எத்தனை மணி நேரம் தாங்கும்?

ஆனி பிறந்து மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் கம்பம் பள்ளத்தாக்கில் மின்தடையும் கூடவே வரும். லோயர் கேம்பில் பெரியாறு தண்ணீரில் மின்சாரம் தயாராகிறது, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், தெருவே இருட்டாகிவிடும்.

அந்த மாதங்களில் மருத்துவமனைக்கு வரும் சில நோயாளிகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது. கரண்ட் மட்டும் போயிருக்கிறது. "இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு பார்த்தோம் டாக்டர்" என்பார் மகன். அப்படிப் பார்த்துக்கொண்டே நாலைந்து மணி நேரம் ஓடியிருக்கும். உதடு நீலம் பாரித்து, பேச்சு குழறி, பாதி மயக்கத்தில் அம்மாவைக் காரில் கிடத்திக் கொண்டு வந்திருப்பார்கள்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு இதுபோன்ற மூச்சு மெஷின்கள் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டன. விறகடுப்புப் புகையில் காலமெல்லாம் சமைத்த பெண்கள், பீடியை விடாத ஆண்கள், பழைய காசநோயில் நுரையீரல் தழும்பானவர்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடுபவர்கள் என்று பலரும் இன்று வீட்டில் இவற்றை நம்பி இருக்கிறார்கள். மெஷினை வாங்கித் தரும் குடும்பங்கள், கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பதே இல்லை.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே!"

நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். தயவுசெய்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் 300 முதல் 400 வாட் வரை இழுக்கும். 10 லிட்டர் மெஷின் 500, 600 வாட்டைத் தொடும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-மணி. இது காகிதக் கணக்கு. இன்வெர்ட்டரின் இழப்பும் பேட்டரியை அடிவரை வற்ற விடக்கூடாது என்பதும் சேர்ந்தால் 1,000, 1,200 கிடைத்தாலே பெரிது. அதாவது, புது பேட்டரியில் சுமார் மூன்று மணி நேரம். இரண்டு ஃபேனும் டிவியும் அதே இன்வெர்ட்டரில் ஓடினால் இரண்டு மணி நேரம். நான்கு வருடம் ஆன, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்த பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூட நம்ப முடியாது.

இன்னொன்று, கான்சென்ட்ரேட்டருக்குள் கம்ப்ரஸர் இருக்கிறது. அது கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் கேட்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே 'ஓவர்லோட்' என்று கத்தி நின்றுவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இதற்கு ஆகாது, சைன் வேவ் வேண்டும். மெஷினுக்கென்று தனி இன்வெர்ட்டர் வைக்க முடிந்தால் மிக நல்லது.

மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப், பைபாப் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஈரப்பதம் தரும் ஹீட்டரை அணைத்துவிட்டால் பல மெஷின்களுக்கு 30 முதல் 60 வாட் போதும். நல்ல பேட்டரியில் ஓர் இரவு முழுக்க ஓடும். ஹீட்டரை அணைக்கலாம் என்பது பல வீடுகளில் தெரியவில்லை.

ஆக்சிஜனை நம்பியிருப்பவருக்குப் பேட்டரி மட்டும் போதாது, ஒரு சிலிண்டரும் வேண்டும். பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம், 4 லிட்டர் என்றால் 6 மணி நேரம். அதற்கு மின்சாரமே தேவையில்லை. ரெகுலேட்டரும் சாவியும் சிலிண்டரோடு கட்டியே இருக்கட்டும். சாமி விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. வால்வு இறுகிவிட்டது என்று எண்ணெய் போடவே போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

இருட்டில் நடக்கும் வைத்தியங்கள்

"கரண்ட் போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கூட்டி வெச்சா உடம்புல சேர்ந்துக்கும்ல?" சேராது. உடம்பில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்க இடமில்லை. நாள்பட்ட இளைப்பு நோயாளிக்கு அளவுக்கு மீறி ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, தூக்கமும் மயக்கமும் வரும். இவர்களில் பலருக்கு ரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 98 காட்டுகிறது என்று போட்டி போடாதீர்கள்.

சிபாப், பைபாப் மெஷின் நின்ற பிறகும் மாஸ்க்கைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். காற்று வராத மாஸ்க்குக்குள் நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். கரண்ட் போய் மெஷின் நின்றால் முதல் வேலை மாஸ்க்கைக் கழற்றுவது.

கற்பூரமும் ஓமமும் முடிந்த பொட்டலத்தை மூக்கில் வைப்பது 2021-இல் வாட்ஸ்அப்பில் பரவிய வைத்தியம். இன்னும் போகவில்லை. அது ஆக்சிஜனை ஒரு புள்ளிகூட ஏற்றாது. கற்பூரம் எரியும் பொருள், அதை ஆக்சிஜன் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்! மூக்கில் தைலம் தடவுவதும் இதே ஆபத்துதான்.

ஸ்ப்ரே டப்பா போல விற்கும் ஆக்சிஜன் கேனைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பார்கள். அதில் இருப்பது பத்துப் பன்னிரண்டு லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் தேவைப்படுபவருக்கு ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது மாத்திரை. மூச்சு வாங்குகிறதே என்று மெடிக்கலில் கேட்டு இளைப்பு மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுப்பது, படபடக்கிறாரே என்று தூக்க மாத்திரை கொடுப்பது! தூக்க மாத்திரை மூச்சு விடும் உந்துதலையே மழுங்கடிக்கும். "நல்லா அசந்து தூங்குறாரு" என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் அவர் மயக்கத்துக்குள் போய்க்கொண்டிருப்பார். எந்த மருந்துக் கடைக்காரரும், எந்த உறவினரும் மருந்தின் அளவை உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள்.

ஏலத்தோட்டத்துக்கு ஓடும் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி நேரடியாக மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சிபாப் மெஷின்கள் பலவும் 24 வோல்ட்டில் ஓடுபவை. தயாரிப்பாளர் தரும் கன்வெர்ட்டர் இல்லாமல் மாட்டினால் மெஷின் ஓடாது, கெட்டுப்போகவும் கூடும். ஜெனரேட்டரை வராந்தாவில் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நல்ல நுரையீரல் உள்ளவரையே கொன்றுவிடும்.

மின் கட்டணத்துக்காக மெஷினை நிறுத்துவதும் ஒரு மின்தடைதான். ஆக்சிஜன் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் எடுக்கச் சொல்கிறோம். நாளுக்கு ஐந்து யூனிட் ஓடும். அந்தச் செலவு கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெஷினை நீங்களாக அணைக்காதீர்கள். எங்களிடம் வந்து பேசுங்கள்.

பரிசோதனை

யாருக்கு எத்தனை லிட்டர் என்பதையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அதை ரத்த வாயுப் பரிசோதனையும் நடைப் பரிசோதனையும், சிபாப்புக்குத் தூக்கப் பரிசோதனையும் சொல்லும்.

காற்று கிளம்பும் முன்னே

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2003 ஆகஸ்டில் நியூயார்க் இருண்டபோது, வீட்டு சுவாசக் கருவிகள் நின்றுபோய் மருத்துவமனைக்கு ஓடிவந்தவர்கள் அநேகம். நம் ஊரிலோ கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதையும் தாண்டி. இந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, சிலிண்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரில் மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். பிறகு உண்மையாகவே மின்தடை வரும்போது, அந்த நேரத்தில் பாதி கழிந்தும் கரண்ட் வரவில்லை என்றால் சிலிண்டருக்கு மாறுங்கள், 108-ஐ அழையுங்கள். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையில் முதலில் ஆக்சிஜன் கிடைக்கட்டும், பெரிய மருத்துவமனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காத்திருக்கும்போது படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னே சாய்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே பேப்பரில் வருகிறது. பெரும்பாலும் பகல் முழுக்க இருக்கும். படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள், முதல் நாளே சிலிண்டரை நிரப்புங்கள். உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், இந்த வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார் என்று எழுதிக் கொடுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் சகோதரியிடமும் சொல்லி வையுங்கள்.

பெற்றவர்களை இங்கே விட்டுவிட்டுச் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த பேட்டரி வாங்கி எத்தனை வருடம் ஆகிறது என்று மட்டும் பாருங்கள். பழையது என்றால் ஆடிக் காற்று வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிட்டுப் போங்கள்.