கைப்பேசிக்குள் ஒரு தரவுத்தளம்

கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். புதுச் செய்தி எதுவும் வராது. ஆனால், போன பொங்கலுக்கு யாரெல்லாம் வாழ்த்து அனுப்பினார்கள் என்று தேடினால் நொடியில் விடை வந்து நிற்கும். இணையமே இல்லாதபோது அந்த விடை எங்கிருந்து வந்தது? உங்கள் கைப்பேசிக்குள்ளிருந்துதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் உங்கள் உரையாடல்களை 'எம்எஸ்ஜிஸ்டோர்' என்ற கோப்பில் வைத்திருக்கிறது. அது எழுத்துகளைக் கொட்டிவைத்த குவியல் அல்ல. அட்டவணைகளும் அவற்றில் விரைந்து தேட உதவும் சுட்டுப் பட்டியல்களும் கொண்ட முழுமையான தரவுத்தளம்.

வங்கிக்கும் ரயில் முன்பதிவுக்கும் தரவுத்தளம் எங்கோ தொலைவில் ஒரு சர்வரில் ஓடுகிறது. நாம் கேட்கிறோம், அது பதில் சொல்கிறது. கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் ஏற்பாடு வேறு. தரவுத்தளத்தை இயக்கும் நிரல் செயலிக்கு உள்ளேயே அதன் ஒரு பகுதியாக ஓடுகிறது. நடுவில் சர்வர் இல்லை, கடவுச்சொல் இல்லை, நிர்வாகி இல்லை. இதை உட்பொதி தரவுத்தளம் என்கிறார்கள். இவற்றில் மிகப் பரவலானது எஸ்கியூலைட்.

போர்க்கப்பலில் தொடங்கிய கதை

2000ஆம் ஆண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பலான 'ஆஸ்கர் ஆஸ்டி'னுக்காக ஒரு மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. கப்பல் அடிபட்டுக் குழாய் உடைந்தால் எந்த வால்வை மூட வேண்டும், வேறு எந்த வழியைத் திறக்க வேண்டும் என்று மாலுமிகளுக்குச் சொல்வது அதன் வேலை. ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அதை எழுதியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹிப். தரவெல்லாம் இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தள சர்வரில் இருந்தது. அந்த சர்வர் படுத்துவிட்டால், தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற அறிவிப்பு ஹிப்பின் மென்பொருள் திரையில் தோன்றும். பழியும் அதன் மேலேயே விழும்.

வால்வுகளின் பட்டியலைப் படிப்பதற்கு நடுவில் ஒரு சர்வர் எதற்கு? வட்டிலிருக்கும் கோப்பை மென்பொருளே நேரடியாகப் படித்துக்கொள்ளட்டுமே! இந்த எண்ணத்திலிருந்து பிறந்த எஸ்கியூலைட்டின் முதல் பதிப்பு 2000 ஆகஸ்டில் வெளிவந்தது. பிறகு பதிப்புரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் ஹிப் அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டார். யாரும் எடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அப்போது கைப்பேசிகள் வளர்ந்துகொண்டிருந்தன. நினைவகமும் மின்கலமும் சிறியவை. சர்வரை ஓட்ட இடமில்லை. ஏறக்குறைய ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும் எஸ்கியூலைட் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. மோட்டரோலாவும் கைப்பேசி இயங்குதளம் செய்த சிம்பியனும் நாடி வந்தன. 2008இல் வெளிவந்த ஆண்ட்ராய்டில் அது முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஐபோனில் செயலிகள் தரவைச் சேமிக்க ஆப்பிள் தரும் கோர் டேட்டா அதன் மேல்தான் நிற்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தன் புத்தகக்குறிகளை அதில்தான் வைக்கிறது. இன்று உலகில் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எஸ்கியூலைட் தரவுத்தளங்கள் பயன்பாட்டில் இருக்கலாம் என்பது அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு.

பாதி வழியில் மின்கலம் தீர்ந்தால்?

வீட்டுச் செலவுக் கணக்குச் செயலி ஒன்றில் 500 ரூபாயைக் 'கையிருப்பு' என்ற கணக்கிலிருந்து 'வங்கி'க்கு மாற்றுகிறீர்கள். ஒரு வரிசையில் 500 குறைய வேண்டும். இன்னொன்றில் 500 கூட வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் கைப்பேசி அணைந்துபோனால் பணம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். தரவுத்தளத்தின் உண்மையான திறமை இங்கேதான் தெரிகிறது.

பேரேட்டின் ஒரு பக்கத்தைத் திருத்துமுன் அதன் பழைய நிலையைத் தனித்தாளில் படியெடுத்து வைத்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையைப் போன்றது எஸ்கியூலைட். கோப்பை அது பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட். மாறப்போகும் பக்கங்களின் பழைய உருவத்தை முதலில் ஒரு துணைக்கோப்பில் எழுதும். அது உண்மையிலேயே நிலையான நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும். பிறகே மூலக்கோப்பைத் தொடும். எல்லாம் எழுதி முடித்ததும் துணைக்கோப்பை அழிக்கும். அது அழியும் அந்தக் கணமே மாற்றம் உறுதியாகும் கணம். இடையில் மின்சாரம் போனால் துணைக்கோப்பு அப்படியே கிடக்கும். அடுத்த முறை செயலியைத் திறக்கும்போது எஸ்கியூலைட் அதைக் கண்டு, பழைய பக்கங்களைத் திரும்ப எடுத்து வைத்துவிடும். 500 ரூபாய் முழுதாக மாறியிருக்கும், அல்லது மாறாமலே இருக்கும். நடுவில் தொங்காது.

2010இல் இதன் தலைகீழ் முறையும் வந்தது. பழையதைப் படியெடுப்பதற்குப் பதிலாக, புது மாற்றங்களைத் தனிக்கோப்பில் அடுத்தடுத்து எழுதிச் சேர்த்து, பிறகு மொத்தமாக மூலக்கோப்பில் கலப்பார்கள். ஒருபக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் படிக்கலாம் என்பதால் திரை உறையாது. இந்த முறையில் இயங்கும் தரவுத்தளத்தின் மூலக்கோப்பை மட்டும் நகலெடுத்து, பேக்கப் எடுத்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. கடைசியாக எழுதியவை அந்தத் தனிக்கோப்பிலேயே இருக்கக்கூடும். நகலெடுப்பதற்கென்றே எஸ்கியூலைட் தரும் வழிகளைப் பயன்படுத்துவதே சரி.

இதெல்லாம் சொன்னபடி நடக்கும் என்று எப்படி நம்புவது? 2023இல் வெளிவந்த 3.42 பதிப்பில் எஸ்கியூலைட்டின் நிரல் சுமார் 1.56 லட்சம் வரிகள். அதைச் சோதிக்க எழுதிய நிரல் 9.2 கோடி வரிகள். ஏறத்தாழ 590 மடங்கு. நினைவகம் தீர்வது, வட்டு பழுதாவது, எழுதும்போது மின்சாரம் நிற்பது எல்லாவற்றையும் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கிறார்கள். விமான மென்பொருளுக்கு வகுக்கப்பட்ட தரநிலையிலிருந்து ஒரு கடுமையான அளவுகோலையும் எடுத்துக்கொண்டார்கள். நிரலில் வரும் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியாக முடிவை மாற்றுகிறதா என்று காட்டியாக வேண்டும். இத்தனையையும் தாங்கி நிற்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழு.

செயலி எழுதுபவரின் பாதி

இயந்திரம் இவ்வளவு நம்பகமானது என்றால், அப்டேட் செய்ததும் எல்லாம் அழிந்துவிட்டது என்ற புலம்பல் ஏன் கேட்கிறது? தரவைக் காப்பதில் இயந்திரம் செய்வது பாதிதான். மறுபாதி செயலியை எழுதுபவரின் கையில் இருக்கிறது. அது அதிகம் தவறுவது அப்டேட்டின்போது.

செலவுச் செயலியின் முதல் பதிப்பில் தொகையும் விவரமும் மட்டும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பதிப்பில் 'வகை' என்ற பத்தியைச் சேர்க்கிறார்கள். புதிதாக நிறுவுபவருக்குப் புது அட்டவணை கிடைக்கும். இரண்டு வருடமாகப் பயன்படுத்துபவரின் கைப்பேசியிலோ பழைய அட்டவணை நிறையத் தரவோடு இருக்கிறது. அதை உடைக்காமல் புது வடிவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தரவுத்தளக் கோப்பிலேயே பதிப்பு எண்ணைக் குறித்து வைக்க இடம் உண்டு. செயலி திறந்ததும் அந்த எண்ணைப் பார்த்து, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போகிறோம் என்று அறிந்து, படிப்படியாக மாற்ற வேண்டும். ஒருவர் நடுவிலிருந்த மூன்று அப்டேட்டுகளைத் தவறவிட்டு, முதல் பதிப்பிலிருந்து நேரே ஐந்தாவதுக்குத் தாவலாம். அந்த வழியும் திறந்திருக்க வேண்டும்.

கூகுள் 2017இல் அறிமுகப்படுத்திய ரூம் என்ற நிரலகம் இதற்கு நன்றாகத் துணைசெய்கிறது. ஒவ்வொரு பதிப்பின் அட்டவணை அமைப்பையும் பதிந்து வைத்து, பழையதிலிருந்து புதியதற்கு மாறுவதைச் சோதித்துப் பார்க்க வசதி தருகிறது. அதே ரூமில் இன்னொரு வசதியும் உண்டு. மாற்றும் வழி எழுதப்படாவிட்டால் பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று சொல்லிவைக்கலாம். சர்வரிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகத் தரவுக்கு அது சரி. ஒருவரின் இரண்டு வருடக் கணக்குக்கு அது நாசம். செயலி முடங்காமல் இருந்தால் போதும் என்ற அவசரத்தில் அந்த ஒற்றை வரியைச் சேர்ப்பவர், பயனரின் தரவை அழிக்கும் வரியைச் சேர்க்கிறார் என்று தெரிந்தே சேர்க்க வேண்டும். எழுதுபவர் தன் கணினியில் ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவிப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிழை அவர் கண்ணில் படவே படாது.

தமிழுக்குத் தனிக் கவனம்

தமிழ் அகராதி, நூலகப் பட்டியல், பாடல் தொகுப்பு போன்ற செயலிகளைச் செய்பவர்களுக்கு இன்னும் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, வரிசை. தனியாகச் சொல்லாவிட்டால் எஸ்கியூலைட் எழுத்துகளை அவற்றின் பைட் மதிப்பை வைத்தே அடுக்கும். யூனிகோடில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே பனை, பம்பரம், பயறு, பழம் என்று வரும். நம் அகராதி வரிசையில் பம்பரம், பயறு, பழம், பனை என்றே வர வேண்டும். புள்ளியின் குறியீடு எழுத்துகளுக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் 'பகல்' முந்திக்கொண்டு 'பக்கம்' பின்தங்கும். ஆண்ட்ராய்டில் மொழிக்கேற்ப அடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால், அது கைப்பேசியில் தேர்ந்தெடுத்த மொழியைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைக்கான குறியீடு ஒன்றைக் கணக்கிட்டுத் தனிப் பத்தியில் வைத்துவிடுவது உறுதியான வழி.

இரண்டாவது, ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். 'கொ'வைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கோப்பில் ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சேமிக்குமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மூன்றாவது, முழு உரைத் தேடல். எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற பகுதி உரையைச் சொற்களாகப் பிரித்து அட்டவணையிடும். அதன் இயல்பு அமைப்பில் எழுத்துகளும் எண்களும் மட்டுமே சொல்லின் உறுப்புகள். தமிழின் காலும் கொம்பும் புள்ளியும் 'குறிகள்' என்ற வேறு வகையில் வருவதால், அவை இருக்குமிடத்தில் சொல் முடிந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். 'பாடு' என்பது 'ப', 'ட' என்று உடையும். 'பீடி'யும் அப்படியே உடையும். பாடு என்று தேடியவருக்குப் பீடியும் வந்து நிற்கும். தீர்வு எளிது. அட்டவணையை உருவாக்கும்போதே குறிகளின் இரு வகைகளையும் சொல்லின் உறுப்பாகச் சேர்க்கச் சொன்னால் போதும். 2018இலிருந்து அந்த வசதி இருக்கிறது. தமிழில் சோதிக்கிறவருக்கே அதன் தேவை தெரியவரும்.

வெளியிடும்போது

ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர். ஆப் ஸ்டோரில் ஆண்டுக்கு 99 டாலர். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்குப் ப்ளே ஸ்டோர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் இது 20 பேராக இருந்தது. பலர் இதை ஒரு தடையாகவே பார்க்கிறார்கள். அந்த 14 நாளுக்குள் அட்டவணை மாறிய அப்டேட் ஒன்றை அனுப்பி, பன்னிரண்டு பேருடைய பழைய தரவும் பிழைக்கிறதா என்று பார்த்துவிட்டால் அதைவிட நல்ல சோதனை வேறில்லை. பிறகு பொதுவில் விடும்போதும் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாமல், சிறு பங்கினருக்கு முதலில் அனுப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை ஒதுக்குகிறது. மற்றச் செயலிகள் அதற்குள் நுழைய முடியாது. அப்டேட் அதே உரிமையாளரிடமிருந்து வருகிறதா என்பதைக் கையொப்பச் சாவியை வைத்தே கண்டுகொள்கிறது. முன்பெல்லாம் அந்தச் சாவியைத் தொலைத்தவர் வேறு அடையாளத்தில் புதுச் செயலியாகத்தான் வெளியிட முடியும். பழைய அறையிலிருந்த தரவைப் புதுச் செயலியால் தொட முடியாது. 2021 ஆகஸ்டிலிருந்து புதுச் செயலிகளின் சாவியைக் கூகுளே பாதுகாப்பதால் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது.

செயலியை நீக்கினால் அதன் அறையும் போய்விடும். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் ஒரு செயலிக்கு 25 எம்பி வரையே காக்கும். கோப்பு அதைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆகவே, கைப்பேசிக்குள் மட்டும் தரவை வைக்கும் எந்தச் செயலியிலும் தரவை வெளியே எடுத்துச் செல்ல ஒரு பொத்தான் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணமும் அனுபவமும் குறைந்த புதியவராலும் அதைச் செய்ய முடியும்.

உட்பொதி தரவுத்தளம் தரும் பெரிய நன்மை, தரவு அதற்குரியவரின் கையிலேயே இருப்பது. இணையம் எட்டாத ஊரிலும் வேலை செய்யும். யாருடைய சர்வரிலும் போய்த் தங்காது. எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்கள் 2050 வரை அதைப் பேணுவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். அதன் கோப்பு வடிவம் 2004இலிருந்து மாறாமல் தொடர்கிறது; அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுகளை நீண்டகாலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. அவ்வளவு உறுதியான அடித்தளம் நமக்கு விலையில்லாமல் கிடைத்திருக்கிறது. அதன்மேல் செயலி கட்டுகிறவர்கள், அடுத்த அப்டேட்டிலும் பயனரின் ஒரு வரிகூடத் தொலையாது என்ற உறுதியைத் தங்கள் பங்காகத் தர வேண்டும்.