டிராகனின் வால் எங்கே முடியும்?

உயர்தரம் படிக்கும் மாணவியொருவர் மூன்று வாரமாக வரைந்த பென்சில் சித்திரத்தைக் காட்டினார். நடுவில் சீன டிராகன். சுற்றிவரக் கெல்டிய முடிச்சு.

"ரெண்டையும் கலந்திட்டன் சேர்."

"கலக்கல்ல மகள், பக்கத்துல பக்கத்துல வெச்சிரிக்கீங்க."

முகம் வாடிப்போயிற்று. தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இதிலென்ன வேலை என்றும் நினைத்திருப்பார்.

கெல்டிய முடிச்சின் சட்டம் இதுதான்: இழையொன்று ஒருமுறை மேலால் போனால் மறுமுறை கீழால் போக வேண்டும். கி.பி. 800 அளவில் உருவாகி, இன்று டப்ளின் டிரினிற்றிக் கல்லூரியிலிருக்கும் கெல்ஸ் நூலில் பறவையும் பாம்பும் இழுபட்டு நீண்டு இழைகளாகவே மாறியிருக்கின்றன. அப்படியானால் டிராகனும் சட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. தானே இழையாக வேண்டும். சீன டிராகனுக்கு அது லேசு. ஐரோப்பிய டிராகனைப்போலப் பெருஞ்சிறகு கிடையாது, பாம்புடல்.

சிக்கல் வாலில்தான். முடிச்சிழைக்கு முனையில்லை, டிராகனுக்குத் தலையும் வாலும் உண்டு. வாலை வாயில் கொடுத்தால் முடிச்சு மூடிக்கொள்ளும். ஆனால் சீனர் மழையோடும் நீரோடும் சேர்த்து நினைக்கும் மங்கல விலங்கு, தன்னையே கடிக்கும் பிராணியாகிவிடும். வடிவம் தப்பும், பொருள் கெடும். சீன ஓவியங்களில் டிராகன் ஒரு முத்தைத் துரத்தும். அந்த முத்தை வாய்க்கும் வாலுக்கும் இடையில் வைத்தால் கண் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு நிழல். கீழால் நுழையும் உடலைக் கடவையின் இருபுறமும் 2பி பென்சிலால் இருட்டாக்கினால் போதும், மேலுள்ளது எழும்பி நிற்கும்.

"அப்ப முழுசா அழிக்கணுமா சேர்?"

"முடிச்சை வெச்சிக்கங்க. டிராகனை மட்டும்."

அழிறப்பரைத் தேடினார்.