பட்டி மட்டும் போதாது, பிடிமானமும் வேண்டும்

கொத்மலை கெரண்டிஎல்லவில் 2025 மே 11ஆம் திகதி பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். ஆசனப்பட்டி பற்றிய பேச்சு அதன் பின்னர் நாடெங்கும் வலுப்பெற்றது. சாரதியும் முன்னாசனப் பயணியும் பட்டி அணிவது 2011ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஜூலை முதல் நீண்டதூர பஸ் சாரதிகளுக்கும் அது விதிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் பட்டி இருக்கின்றதா என்று பார்க்கும் நாம், அது எதில் பிணைக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பதில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோர ஊர்களை இணைக்கும் பிரதான வீதியில் பழைய வேன்கள் இன்றும் ஓடுகின்றன. 2020 முதல் வாகன இறக்குமதி பல்லாண்டுகள் தடைப்பட்டிருந்தமையால், இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று. அவற்றில் புதிதாக ஆசனமோ பட்டியோ பொருத்தும்போது, தரைத் தகட்டில் இடப்படும் துளையிலேயே பயணியின் உயிர் தங்கியுள்ளது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் எதிலோ மோதி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை அப்போது தடுத்து நிறுத்த, ஏறத்தாழ 1400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. தரைத் தகட்டின் தடிப்போ ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அதில் துளையிட்டுச் சிறிய வோஷர் ஒன்றை மட்டும் வைத்து முறுக்கிய போல்ட், தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறக்கூடும். அத்தகைய பட்டி தருவது பாதுகாப்பு அல்ல, பொய்யான நிம்மதியே.

முறையான வழி கடினமானதன்று. பல வாகனங்களில் பட்டிக்கான திருகுத் துளைகளைத் தயாரிப்பாளரே அமைத்துள்ளார். விரிப்பை அகற்றி முதலில் அவற்றைத் தேட வேண்டும். அவை இல்லாவிடின், தகடு சட்டத்துடன் இணையும் உறுதியான இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், மின்கம்பி ஆகியன கீழே இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே துளையிட வேண்டும். முதலில் சிறுதுளை, பின்னர் உரிய அளவு என்பதே ஒழுங்கு.

தரையின் அடிப்புறத்தில் உருக்குத் தகடு வைப்பது இன்றியமையாதது. பந்தயக் கார்களில் புதிதாக இடப்படும் பிடிமானத்துக்குக் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 40 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் கொண்ட தகட்டைச் சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் விதித்துள்ளது. போல்ட்டும் உயர்வலிமை உடையதாக இருக்க வேண்டும். அதை வெல்டிங் செய்தால் வெப்பத்தால் அதன் வலிமை குறையும். பட்டி ஆசனத்திலேயே பொருத்தப்பட்டிருப்பின், ஆசனக் கால்களின் போல்ட்டுகளும் அதே விசையைத் தாங்க வேண்டும். இடைப்பட்டி இடுப்பெலும்பின் மீது படியவேண்டும். வயிற்றின் மீது ஏறினால் அதுவே உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும்.

நமது கரையோரத்துக்கு இன்னொரு பகைவன் உப்புக்காற்று. துளையின் விளிம்பிலுள்ள வெற்று உலோகத்துக்கு வர்ணம் பூசாவிடின் துரு அங்கிருந்தே தொடங்கும். பொருத்தியவுடன் உறுதியாக இருந்த பிடிமானம் சில வருடங்களில் வலுவிழக்கலாம். ஆகவே ஆண்டுதோறும் அடிப்புறத்தைப் பார்ப்பது அவசியம்.

சொந்தமாகக் கட்டப்பட்ட கார் ஒன்று வீதிக்கு வருமுன், பிரித்தானியாவில் ஆசனப்பட்டிப் பிடிமானங்களும் பரிசோதிக்கப்படுகின்றன. இங்கு மாற்றியமைக்கப்படும் வேன்களையும் பஸ்களையும் அவ்வாறே பரிசோதிப்பதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் முன்வர வேண்டும். அதற்கான அறிவுறுத்தல்கள் எமது திருத்துமிடங்களுக்குத் தெளிவான தமிழில் கிடைக்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு போதிக்கப்பட்ட சமூகம் நாம். கட்டிய முளை பிடுங்கி வராதிருக்கவும் வேண்டுமல்லவா? பாடசாலை வேனில் பிள்ளையை ஏற்றும் பெற்றோர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், ஒருமுறை குனிந்து அந்தப் போல்ட்டைப் பார்க்கட்டும்.