கோட்டில் ஏறி வரும் நஞ்சு

2024 ஜனவரி 24 அன்று தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்தன. நான்கு பேர் இறந்தார்கள். பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையின் அந்த இறக்கத்தில் இப்படி நடப்பது புதிதல்ல. இறந்தவர்கள் யார், போக்குவரத்து எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் மறுநாள் செய்தியில் வந்துவிடும். தீயை அணைத்தவர்கள் அன்றைக்கு எதைச் சுவாசித்தார்கள் என்பது வராது.

எரிகிற கார் ஒரு சின்ன ரசாயனக் கிடங்கு. இருக்கையின் பஞ்சு பாலியூரித்தேன். அது எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். வயர்களின் பிவிசி உறையிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு. டயரும் டீசலும் பென்சீனையும், பல வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற கூட்டத்தையும் விடும். இவை கரித்துகளில் ஒட்டிக்கொண்டு எங்கும் படியும். கரியால் புற்றுநோய் வரும் என்பது நேற்று தெரிந்ததல்ல. புகைபோக்கி துடைத்த தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வந்த புற்றைக் கரியோடு சேர்த்து லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதியது 1775இல்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022 ஜூனில், தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பிரிவு அது. சிறுநீர்ப்பைப் புற்று, நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா ஆகிய இரண்டுக்கும் போதிய சான்று இருப்பதாக அது சொன்னது. இரண்டாவது நோய்க்கு முக்கியக் காரணம் கல்நார். நம் ஊர்க் கிடங்குகளையும் கோழிப் பண்ணைகளையும் பாருங்கள்: எத்தனை கூரைகள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்! தீயின் சூட்டில் அந்த ஷீட் பட்டாசு போல வெடித்துச் சிதறும். உடைந்த துண்டுகளைக் கிளறும்போது இழை மேலும் காற்றில் கலக்கும்.

இந்தக் கிளறும் வேலைதான் எனக்குப் பெரிய கவலை. சுவாலை அடங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். வீரர்களுக்கு அப்போதுதான் பாதி வேலை. உள்ளே கங்கு இருக்கிறதா என்று மூட்டை மூட்டையாகப் புரட்ட வேண்டும். தென்னைநார் மாதிரி உள்ளுக்குள் கனலும் சரக்கு என்றால் மணிக்கணக்கில் ஆகும். மூச்சுக்கருவியின் சிலிண்டரோ அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத்தான். புகை குறைந்துவிட்டது, வெயிலும் கொளுத்துகிறது, முகமூடியைக் கழற்றத்தான் தோன்றும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இப்படிக் கிளறும் நேரத்துக் காற்றை அளந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஃபார்மால்டிஹைடும் அக்ரோலீனும் சில இடங்களில் பணியிட வரம்பைத் தாண்டியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத புகையும் புகைதான்.

மூக்கை மூடினால் மட்டும் போதாது. தோல் வழியாகவும் நஞ்சு இறங்கும், குறிப்பாகக் கழுத்து வழியாக. இதற்கான தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு மலிவானது. அமெரிக்க ஆய்வாளர்கள் வீடுகளைத் திட்டமிட்டு எரித்து, அணைத்து வந்தவர்களின் கோட்டைச் சோதித்தார்கள். வெறும் பிரஷால் தட்டியபோது மேலே படிந்த ஹைட்ரோகார்பன்களில் சுமார் 23 விழுக்காடுதான் போயிற்று. காற்றடித்துப் பார்த்ததில் ஒன்றும் பெரிதாகப் போகவில்லை. தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்தபோது 85 விழுக்காடு போனது. ஈரத் துடைப்பானால் கழுத்தைத் துடைத்ததில் தோலில் இருந்ததில் பாதிக்கு மேல் நீங்கியது.

ஆக, தேவைப்படுவது ஒரு வாளி, சோப்பு, நீண்ட கைப்பிடி பிரஷ், வண்டியில் மிச்சம் வைத்த கொஞ்சம் தண்ணீர். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தருமபுரியிலும் இது முடியும். முறைதான் முக்கியம்: முகமூடியையும் கையுறையையும் கழற்றுவதற்கு முன்பே, சம்பவ இடத்திலேயே ஒருவர் மற்றவரைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். கழற்றிய கோட்டை உறையில் கட்டி, ஆட்கள் உட்காரும் கேபினுக்கு வெளியே வைக்க வேண்டும். சுவீடனின் ஷெல்லெஃப்டியோ நகரத் தீயணைப்பு வீரர்கள் இதையே நடைமுறையாக்கி, 2011இல் ஐரோப்பியப் பணிப் பாதுகாப்பு விருதும் பெற்றார்கள். அங்கே அழுக்குச் சட்டை நிலையத்தின் சுத்தமான பகுதிக்குள் வராது. வீட்டுக்கும் போகாது, மனைவி குழந்தைகளின் துணியோடு சேர்ந்து ஊறாது.

செலவு உண்டென்றால் அது இரண்டாவது கோட்டுக்குத்தான். ஒரே கோட் இருந்தால், கழுவியது காய்வதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்; ஈரத்தோடோ கரியோடோ ஓட வேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு கோட் என்பதைச் சலுகையாகப் பார்ப்பது தவறு. கரி படிந்த கோட்டை வீரத்தின் அடையாளமாக நினைக்கும் பழக்கமும் போக வேண்டும்.

1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் கப்பலில் பிடித்த தீயை அணைக்கப் போய், அது வெடித்ததில் உயிர்விட்ட வீரர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் அஞ்சலி செலுத்துகிறோம். ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழித்துச் சிறுநீர்ப்பைப் புற்றில் போகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பணியில் சேரும் நாளிலிருந்து எந்தெந்தத் தீக்குப் போனார் என்ற பதிவும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் இருந்தால்தான் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க முடியும்.

நம்மாலும் ஓர் உதவி முடியும். 101க்கோ 112க்கோ அழைக்கும்போது இடத்தை மட்டும் சொல்லாதீர்கள். உள்ளே பூச்சிமருந்தா, டயரா, பஞ்சு மெத்தையா, ஆஸ்பெஸ்டாஸ் கூரையா என்பதையும் சொல்லுங்கள்.