மலை உச்சியும் மண்டபத்துக் கட்டுச் சாதமும்

திருச்சிக்கு வருகிறவர்கள், வெயில் ஏறுமுன் மலைக்கோட்டையில் ஏறிவிட வேண்டும். தாயுமானவரைத் தரிசித்து, பல்லவ மகேந்திரவர்மன் குடைவித்த குகையையும் கண்டு, உச்சிப் பிள்ளையார் சந்நிதியை அடைந்ததும் களைப்பெல்லாம் பறந்துவிடும். வடக்கே காவேரி, அப்பால் கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே அரங்கன் பள்ளிகொண்ட தீவு. அங்கே 1987-ல் பூர்த்தியான 236 அடி ராஜகோபுரம் வானை அளாவி நிற்கிறது.

பிறகு இறங்கிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்தருகே ஆற்றங்கரையில் அமர்ந்து கட்டுச் சாதத்தைப் பிரியுங்கள். நடந்த பசிக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் மாவடுவும் தேவாமிர்தம்தான்!

முதற் கவளத்தை எடுக்கையில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, இதே திருச்சியிலிருந்துதான் ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் வேதாரண்யம் கடற்கரைக்கு உப்பெடுக்கக் கால்நடையாகப் புறப்பட்டார். அவர்களுக்குச் சோறிட்டால் 6 மாதச் சிறை என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்களோ சோற்று மூட்டைகளை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். கட்டியவர் யாரென்று மரமா சாட்சி சொல்லும்?

காவேரி பாயும் நாட்டில் பசித்தவனுக்கு அன்னமிடுவதை எந்தச் சர்க்கார் உத்தரவாலும் தடுக்க முடியவில்லை.