இலைக் கணக்கு

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி. தங்கை கல்யாணச் செலவைக் குறைக்க நீங்கள் எழுதி வந்திருக்கும் தாளில் முதல் வரி பத்திரிகை. ஒன்று 40 ரூபாயா, 25 ரூபாயா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. 400 பத்திரிகைக்கு மிச்சம் 6,000 ரூபாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு மதியம் கடை கடையாக ஏறி இறங்கினால் அந்த மிச்சம் கைக்கு வந்துவிடும். ஆனால் நகை, துணியைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், கல்யாணச் செலவில் பெரும்பகுதி பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு முகூர்த்தம், எத்தனை இலை. இந்த மூன்றையும் பேசாமல் மற்றதில் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

தேதியிலிருந்து வருவோம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம்தான் வேண்டும் என்று எல்லாரும் நிற்பதால், மாதத்தில் சில நாட்களுக்கு ஊரே போட்டி போடுகிறது. அந்த நாளும் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், வேன் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி வருகிறது. விலை பேச உங்களுக்கு இடமே இருக்காது. அதே காலண்டரில் தேய்பிறை முகூர்த்தமும் சுபமுகூர்த்தம் என்றே அச்சாகியிருக்கிறது. தேய்பிறை பஞ்சமி வரை தாராளமாக வைக்கலாம் என்று சொல்லும் ஜோசியர்கள் நிறைய. வீட்டுப் பெரியவர்களிடம் இதை மண்டபம் பார்க்கப் போகும் முன்பே பேசிவிடுங்கள். வார நாளில் வரும் தேய்பிறை முகூர்த்தத்துக்கு அவர்கள் சம்மதித்தாலே, மண்டப வாடகையில் பேரம் பேச வழி பிறக்கும்.

பூவும் தேதியோடு சேர்ந்த விஷயம். தை பிறந்ததும் வரும் முதல் முகூர்த்தங்களைப் பாருங்கள். மார்கழி முழுக்கக் காத்திருந்த வீடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் கல்யாணம் வைக்கின்றன. பனியால் மல்லிகை வரத்தும் அப்போதுதான் குறைந்து கிடக்கும். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையிலும் தோவாளையிலும் அந்த நாட்களில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பங்குனியிலிருந்து ஆனி வரை மல்லிகை நன்றாகப் பூக்கிற காலம். தையில்தான் கல்யாணம் என்று ஆகிவிட்டால், மல்லிகையைத் தலையில் வைக்க மட்டும் வாங்குங்கள். மேடைக்கும் வாசலுக்கும் சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை போதும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது.

முகூர்த்தமே பார்க்காத வீடுகளுக்கு இன்னும் சௌகரியம். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தார்கள். அந்த முறையில் மணம் முடிப்பவர்களுக்கு ஆடியும் மார்கழியும் தடையில்லை. மண்டபங்கள் காலியாகக் கிடக்கும் மாதங்கள் அவை. உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று தெரியும். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மனதார ஒத்துக்கொண்டால் மட்டுமே செய்ய வேண்டியது அது. பணத்துக்காக ஒருவர் நம்பிக்கையை இன்னொருவர் வளைக்க வேண்டாம்.

மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வாடகைக்கு மேல் வருவதுதான் ஆளை அசத்தும். மின்சாரம் யூனிட் கணக்கா, வாடகையில் அடக்கமா? ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு எவ்வளவு, டீசல் யாருடையது? துப்புரவுக்கு, காஸுக்கு, பாத்திரத்துக்குத் தனிக் கட்டணமா? எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், தாண்டினால் என்ன? சமையலும் மேடை அலங்காரமும் அவர்கள் ஆட்கள்தான் செய்ய வேண்டும் என்று நிபந்தனை உண்டா? வாடகை குறைவாகத் தெரியும் சில மண்டபங்களில், இந்த நிபந்தனையில்தான் பணம் போகும். மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு லட்சம் என்று பேசியது பில்லில் 1,18,000 ஆக நிற்கும். ஆகவே பேசும்போதே வரியோடு சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். தேதி மாறினால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும்போது மின் மீட்டரை ஒரு போட்டோ, கொடுக்கும்போது ஒரு போட்டோ. மாநகராட்சி, நகராட்சி சமுதாய நலக்கூடங்களையும் கோயில் மண்டபங்களையும் ஒருமுறை விசாரித்து வையுங்கள். முந்நூறு பேர் வரும் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் மண்டபம் எடுத்தால் வாடகையும் அதிகம், கூட்டமும் குறைவாகத் தெரியும்.

இனி இலை. இதில்தான் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.

முகூர்த்த நேரமே இலையைக் கூட்டும், குறைக்கும். காலை 6 - 7.30 முகூர்த்தம் என்றால், தாலி கட்டியதும் டிபன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள்; மதியச் சாப்பாடு நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும். 9 - 10.30 என்றால் வந்ததும் டிபன், தாலி கட்டியதும் 11 மணிக்கே சாப்பாட்டுப் பந்தி. ஒரே ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் இரண்டு இலை. இரண்டாவது இலையில் பாதி அப்படியே கிடக்கும், ஏனென்றால் பசியே வந்திருக்காது. 10.30-க்கு மேல் முகூர்த்தம் கிடைத்தால் டிபனை மண்டபத்தில் தங்கியிருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளலாம். முந்தின நாள் மாலை வரவேற்பு வைக்கிறீர்களா, அங்கேதான் நகரத்து நண்பர்களும் அலுவலகத்து ஆட்களும் வருவார்கள். அவர்களுக்கு மறுநாள் காலைக்கும் இலை எழுத வேண்டியதில்லை.

இப்போது ஒரு நோட்டு எடுங்கள். தலைக்கட்டு வாரியாக, அதாவது ஒரு வீட்டுக்கு ஒரு வரி. பக்கத்தில் மூன்று கட்டம்: இரவு விருந்து, காலை டிபன், மதியச் சாப்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று எழுதுங்கள். திருநெல்வேலிச் சித்தப்பா வீட்டில் ஐந்து பேர், மூன்று வேளையும். எதிர்வீட்டில் நாலு பேர், இரவு மட்டும். வருகிறோம், வரவில்லை என்று பதில் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், வருகையை நாம்தான் கணிக்க வேண்டும். அதற்கு உங்கள் வீட்டிலேயே நல்ல ஆவணம் இருக்கிறது: அண்ணன் கல்யாணத்து மொய் நோட்டு. ஒரு வரிக்கு ஒரு குடும்பம். அன்று எத்தனை பத்திரிகை கொடுத்தார்கள், எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று ஒப்பிட்டால், உங்கள் ஊரில், உங்கள் சொந்தத்தில் எத்தனை வீடு உண்மையில் வந்தது என்பது தெரிந்துவிடும். வராமல் யாரிடமாவது மொய்யைக் கொடுத்தனுப்பியவர்களை மட்டும் அம்மாவிடம் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று கட்டத்தையும் கூட்டி 1,300 இலை வந்தது என்று வையுங்கள். இலைக்கு 300 ரூபாய் என்றால் 3,90,000. நோட்டைச் சரியாக எழுதியதால் 100 இலை குறைந்தால் 30,000 ரூபாய், யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்காமல். பத்திரிகையில் 6,000 மிச்சம் பிடிக்கும் நேரத்தில் பாதியைக் கூட இந்த நோட்டு கேட்காது.

கேட்டரிங்காரர் உங்களிடம் கேட்பது குறைந்தபட்ச இலை. 500 என்று ஒப்புக்கொண்டால், 400 பேர் வந்தாலும் 500-க்குப் பணம். கௌரவத்துக்காகப் பெரிய எண்ணைச் சொல்லாதீர்கள். கணித்ததில் கொஞ்சம் குறைத்தே ஒப்புக்கொண்டு, கூடினால் எத்தனை இலை வரை தாங்குவீர்கள் என்று கேளுங்கள். அனுபவமுள்ள சமையல்காரர் அரிசியையும் காய்கறியையும் கூடுதலாகக் கையில் வைத்திருப்பார். கூட்டம் பார்த்துத்தான் அடுத்த உலை வைப்பார். ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்குக் காணும். அரை மணி நேரத்தில் இன்னொரு அண்டா சோறு இறங்கிவிடும். சாப்பாடு பற்றாமல் போய்விடுமோ என்ற பயம்தான் நம் வீடுகளில் நூறு நூறாக இலையைக் கூட்டுகிறது. அந்தப் பயத்தைச் சமையல்காரரிடமே வெளிப்படையாகச் சொல்லிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இலையை நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. எத்தனை கட்டுக் கொடுத்தோம், எத்தனை மிஞ்சியது என்று பார்த்தால் கணக்கில் தகராறு வராது. பந்தியில் சொந்தக்காரர் ஒருவரை எண்ணுவதற்கென்றே நிறுத்துங்கள்.

இலையில் என்ன வைப்பது? பதார்த்தம் இருபத்தைந்தைத் தாண்டிய பந்திகளில் எழுந்து போனவர்களின் இலையைப் பாருங்கள் தம்பி. இரண்டாவது இனிப்பு கடித்தபடி இருக்கும். வெஜிடபிள் பிரியாணி பக்கத்திலேயே கோபி மஞ்சூரியன் தொடாமல் கிடக்கும். ஒரு இனிப்பு, ஒரு பாயசம், வடை, அப்பளம், கூட்டு, பொரியல், அவியல், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், ஊறுகாய். இது நிறைவான கல்யாணச் சாப்பாடு. இதைச் சுடச்சுட, நல்ல எண்ணெயில், நல்ல அரிசியில் போட்டால் ஊர் பேசும். தரத்தைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். சாட் கவுண்டர், பஞ்சு மிட்டாய், பீடா ஸ்டால் ஒவ்வொன்றுக்கும் பொருள் விலையோடு ஆள் கூலியும் சேர்கிறது. குழந்தைகளுக்காக ஒன்று வைத்தால் போதும்.

வீணாவதில் பெரும்பங்கு பரிமாறும் முறையால் வருகிறது. ஆள் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் இலையில் வைத்துவிடுவார்கள். அடுத்த பந்தி சீக்கிரம் முடியும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். வந்து உட்கார்கிறவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வாய்ப்பே இல்லை. உட்கார்ந்தபின் கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். அதற்குப் பரிமாறும் ஆட்கள் இரண்டு பேர் கூடுதலாக வேண்டியிருந்தால் அந்தக் கூலியைச் சந்தோஷமாகக் கொடுங்கள். மிஞ்சும் சாப்பாட்டில் அது திரும்பிவிடும். தண்ணீரும் அப்படித்தான். இலைக்கு ஒரு பாட்டில் வைத்தால் பாதி குடித்த பாட்டில்கள் மேசை முழுக்க நிற்கும். கேன் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் போதும். மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. யாராவது பில்லில் அதைச் சேர்த்தால் அடித்துவிடுங்கள்.

மொத்த கான்ட்ராக்ட் விடுவதா, மளிகை நாம் வாங்கிக் கொடுத்துக் கூலிக்குச் சமைக்கச் சொல்வதா என்று கேட்டீர்கள். உக்கிராணத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, அளந்து கொடுத்து, கணக்கு எழுத நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருந்தால் இரண்டாவது வழியில் நன்றாக மிஞ்சும். பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்று முன்பே கேட்டு வையுங்கள். அப்படி ஆள் இல்லையென்றால் கான்ட்ராக்டே நல்லது. உங்கள் வீட்டில் மாமா இருக்கிறார், ஆனால் அவர் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர். அவரை உக்கிராணத்தில் உட்கார வைக்காதீர்கள்.

செலவைப் பங்கு போடும் வழி ஒன்று நம் ஊரிலேயே உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே சமையல் வைத்துக்கொண்டு, மொய்யைத் தனித்தனியாக எழுதுவார்கள். கல்யாணத்திலும் இது முடியும். சித்தப்பா மகனுக்கும் இதே ஆண்டு என்றால் ஒரே மண்டபத்தில் இரண்டு முகூர்த்தம் வைக்கலாமா என்று பேசிப் பாருங்கள். அது முடியாவிட்டால், உங்களுக்கு முந்தின நாளோ மறுநாளோ அதே மண்டபத்தில் யார் கல்யாணம் என்று கேட்டு, அவர்களோடு பேசி மேடை அலங்காரத்தை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விடலாம். அலங்காரக்காரருக்கும் ஏற்றி இறக்கும் கூலி மிச்சம், விலை குறைப்பார்.

மொய்யை மட்டும் வரவில் எழுதாதீர்கள். அதை நம்பி வட்டிக்கு வாங்கிய வீடுகள் எத்தனையோ. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வந்தால் பாங்கில் போட்டு வையுங்கள், அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு வேண்டியிருக்கும்.

போட்டோ, வீடியோவுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், ஆல்பத்தில் எத்தனை ஷீட், கூடினால் ஷீட்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ட்ரோன் தேவையில்லை.

கை வைக்கக் கூடாத இடம் கூலி. நாதஸ்வர, தவில் கலைஞர்கள், பாத்திரம் தேய்க்கும் பெண்கள், இலை எடுப்பவர்கள் இவர்களிடம் ஐந்நூறு குறைத்து வாங்கும் மிச்சம் நமக்கு வேண்டாம். கான்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்தாலும், கடைசிப் பந்திக்கு முன்பே அவர்களுக்கு இலை போட்டுச் சாப்பிட வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எவ்வளவு கணக்குப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். கோவையில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் மண்டபத்திலிருந்து மீதி உணவை எடுத்துச் சென்று பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. உங்கள் ஊரில் யார் செய்கிறார்கள் என்று முதல் வாரமே விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கே சொல்லிவிட வேண்டும். சாம்பார் ஊற்றிய சோறு மாலை வரை தாங்காது. அவர்கள் வந்து எடுத்துப் போனதும் பாத்திரத்தை எண்ணி ஒப்படைத்து, மீட்டரைப் பார்த்து, சமையல்காரருக்கு மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள்.