இணைய வழங்கியில் இடைச்சேமிப்பு: விரைவும் வரம்பும்

முன்னுரை

இணைய ஆய்விதழ் ஒன்றின் கட்டுரையை வாசகர் திறக்கும்போது, வழங்கியிலுள்ள நிரல் தரவுத்தளத்தில் அக்கட்டுரையைத் தேடி எடுத்து, வார்ப்புருவில் பொருத்தி, பக்கமாக்கி அனுப்புகிறது. அடுத்த வாசகர் அதே கட்டுரையைக் கேட்டாலும் இவ்வளவு பணியும் மீண்டும் நிகழ்கிறது. புதிய இதழ் வெளியாகும் நாளில் பலர் ஒருசேர வருகையில் தளம் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒருமுறை உருவான பக்கத்தின் படியைச் சேமித்துவைத்துப் பின்வருவோருக்கு அதனையே அளிக்கும் முறை இடைச்சேமிப்பு. கேஷ் என்றும் வழங்கப்படும். இதனை அமைக்கும் முறையையும், சேமிக்கலாகாதவை எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உலாவியில் சேமிப்பு

படிகள் வாசகரின் உலாவியிலும் தங்கலாம், வழங்கியிலும் தங்கலாம். முன்னது ஒருவருக்கு மட்டும் உரியது. பின்னது அனைவருக்கும் பொதுவானது. இரண்டிற்குமான விதிகளை 2022-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 ஆவணம் வரையறுக்கிறது. மறுமொழியின் கேஷ்-கண்ட்ரோல் தலைப்பகுதியில் மேக்ஸ்-ஏஜ் மதிப்பு நொடிக்கணக்கில் குறிக்கப்படும். படங்கள், எழுத்துருக்கள் போன்றவற்றிற்கு 31536000 நொடிகள், அதாவது ஓராண்டு அளிக்கலாம். ஆயின் கோப்பு மாறும்போது அதன் பெயரும் மாறவேண்டும். இல்லையேல் வாசகரிடம் பழைய கோப்பே நீடிக்கும்.

வழங்கியில் சேமிப்பு

2004-இல் வெளியிடப்பட்ட என்ஜின்எக்ஸ் வழங்கியில் மூன்று செய்திகளை வரையறுத்தல் வேண்டும். முதலாவது, படிகள் தங்கும் கோப்புறையும் அவற்றின் திறவுகோல்களுக்கான நினைவகமும் ஆகும்; ஒரு மெகாபைட்டில் ஏறத்தாழ 8000 திறவுகோல்கள் அடங்கும். இரண்டாவது, திறவுகோலின் அமைப்பு. பொதுவாகப் பக்கத்தின் முகவரியே திறவுகோலாக அமைகிறது. மூன்றாவது, படியின் செல்லுபடிக் காலம். இக்காலம் ஒரு நிமிடமே ஆயினும் பயனுண்டு. நிமிடத்திற்கு 100 பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால், நிரல் ஒருமுறை இயங்கினால் போதும். படி முதன்முறை உருவாகும் வேளையில் அனைவரின் கோரிக்கையும் ஒருங்கே நிரலைச் சென்றடையாதிருக்கப் பூட்டு வசதியையும் இயக்குதல் நன்று.

சேமிக்கலாகாதவை

முகவரி மட்டுமே திறவுகோலாக இருப்பதில் ஓர் இடர் உள்ளது. ‘என் மதிப்பீடுகள்’ என்னும் பக்கத்தின் முகவரி எல்லா மதிப்பீட்டாளருக்கும் ஒன்றே. உள்ளடக்கம் மட்டுமே வேறு. குக்கீ அமைக்கும் மறுமொழிகளையும், பிரைவேட், நோ-ஸ்டோர், நோ-கேஷ் எனக் குறிக்கப்பட்டவற்றையும் என்ஜின்எக்ஸ் இயல்பாகச் சேமிப்பதில்லை. ஆனால் கோரிக்கையுடன் வரும் குக்கீயை அது தானாகக் கருத்திற்கொள்வதில்லை. நிரல் அக்குறிப்புகளை அனுப்பத் தவறினால், ஒருவரின் பக்கம் மற்றவருக்குக் காட்டப்படும். மதிப்பீட்டாளர் யாரென்பது மறைவாக இருக்கவேண்டிய இதழில் இது வேகக்குறைவினும் பெருங்கேடாகும்.

இதனைத் தவிர்க்க, புகுபதிவுக் குக்கீ இருப்பின் சேமித்த படியை அளிக்காதிருத்தல், புதிய மறுமொழியைச் சேமிக்காதிருத்தல் ஆகிய இரு கட்டளைகளும் தேவை. முதலாவதை மட்டும் இட்டால், புதிதாகப் பெறப்பட்ட தனிப்பக்கம் சேமிப்பில் சேர்ந்துவிடும். நோ-கேஷ் என்பது விதிப்படி சேமிப்பைத் தடுப்பதன்று. மீண்டும் பயன்படுத்துமுன் சரிபார்க்கவேண்டும் என்பதே அதன் பொருள். தடுப்பது நோ-ஸ்டோர் ஆகும்.

முடிவுரை

அமைப்பினைச் சோதிக்க, சேமிப்பின் நிலையைக் காட்டும் தலைப்பகுதியை மறுமொழியில் சேர்க்கலாம். பொதுப்பக்கம் முதன்முறை ‘மிஸ்’ என்றும் அடுத்தமுறை ‘ஹிட்’ என்றும் காட்டவேண்டும். இரு வேறு கணக்குகளில் புகுந்து தனிப்பக்கத்தைத் திறக்கையில் ‘ஹிட்’ ஒருபோதும் தோன்றலாகாது. செல்லுபடிக் காலத்தை நீட்டினால் வழங்கியின் சுமை குறையும். ஆனால் கட்டுரையில் செய்த திருத்தம் வாசகரை அடையவும் அவ்வளவு காலம் தாழும். எனவே அக்காலத்தைத் தொழில்நுட்பர் தனித்து முடிவுசெய்யாமல், பதிப்பாசிரியருடன் கலந்து முடிவுசெய்வதே பொருத்தமாகும்.